பாலாற்றுக்குக் குறுக்கே போட்ட ரோடு

1998 டிசம்பரில் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்குப் புதுப்பட்டினம் மார்க்கெட் முன்னால் டெம்போவில் ஏறினேன். உள்ளே மண்வெட்டி, கடப்பாரைகளோடு மீனவக் குடும்பத்தார் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் கஸ்தூரிதான் என்னையும் அழைத்திருந்தாள்.

“சும்மா வந்து நில்லுங்க டீச்சர். படிச்சவங்க ஒருத்தர் கூட கீறாங்கன்னா லாரிக்காரனுங்க கை வைக்க யோசிப்பானுங்க.”

மணல் லாரிகள் அக்கரைக்குப் போய்வர, வல்லிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஆற்றின் குறுக்கே மண்ணையும் பனைமரத் துண்டுகளையும் கொட்டி வழி போட்டிருந்தார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். அந்த வருஷம் நல்ல மழை பெய்து ஓடிய தண்ணீரும் அங்கேயே நின்றுவிட்டது. நல்ல தண்ணீர் வந்து கலக்காவிட்டால் முகத்துவாரத்தில் இறால் குஞ்சு தங்காது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்ததற்குப் பார்க்கிறோம் என்றார்களாம். யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் தாங்களே அதை வெட்டிவிடக் கிளம்பியிருந்தார்கள்.

வாயலூர் தாண்டியதும் ஆறு தெரிந்தது. குட்டை குட்டையாகப் பாசி. செத்த கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையோரக் கோரை மார்கழியிலேயே காய்ந்து கிடந்தது.

ஒன்பது மணிக்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோட்டுக்கு மேல்பக்கம் அதே கோரை தண்ணீருக்குள் அழுகி நாறியது. மாடுகளை ஓட்டிவந்திருந்த முனுசாமி, வெள்ளம் வந்து வடிந்தால்தான் புல் தழைக்கும், இப்படித் தேங்கினால் வேரே போய்விடும் என்று அலுத்துக்கொண்டார். மேலே மாட்டுக்கும் தீனி இல்லை, கீழே மீனுக்கும் இல்லை. எவனோ நாலு லோடு அதிகம் அடிப்பதற்காக!

கஸ்தூரியின் கணவர் தனபால் முதல் வெட்டுப் போட்டார். முனுசாமியும் ஒரு மண்வெட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் லாரிகளுக்கு மேஸ்திரியாக இருந்த ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். ரோட்டை உடைத்தால் கேஸ் போட்டு எல்லோரையும் உள்ளே தள்ளுவேன் என்று மிரட்டினான்.

கஸ்தூரி நிமிராமலே கேட்டாள். “ஆத்துல ஏது நைனா ரோடு?”

இந்தம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று அவன் என் பக்கம் திரும்பினான். என் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லி, புகாரில் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

உச்சிவேளைக்கு மண் வழிவிட்டது. முதலில் விரல் தடிமனுக்குக் கசிந்த தண்ணீர், பிறகு தானே கரையை அரித்துக்கொண்டு பாய்ந்தது. தனபால் குனிந்து முகம் கழுவிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கலங்கல் தண்ணீர் கழிமுகத்துக்கு வந்தது. தை பிறந்ததும் கஸ்தூரி இறால் கொண்டுவந்தாள், கூடையில் பாதிதான். அதற்குள் ரோட்டை மறுபடி போட்டுவிட்டார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் என்று தனபால் மேல் வழக்கும் வந்தது.

அவர் தரப்பில் நான் சாட்சி. வாய்தாவுக்கு வாய்தா தனபால், கஸ்தூரி, நான் மூன்று பேரும் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய்வருகிறோம். எதிரே மணல் லாரிகள் வரிசையாக வருகின்றன. ஈரமணலிலிருந்து தண்ணீர் சொட்டி, தார் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகிறது. கடலுக்குப் போகவேண்டிய பாலாறு சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.