பொட்டு வைத்த சர்வாதிகாரி

சலூன் அண்ணனின் கடைச் சுவரில் நான்கு படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முருகன், லட்சுமி, போதி மரத்தடியில் புத்தர், நான்காவதாக மூக்குக்குக் கீழே துண்டு மீசை வைத்த ஒரு ஜெர்மன்காரர். உலகத்தையே போரில் தள்ளி, யூத சனத்தைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றாரே, அதே சர்வாதிகாரிதான். நால்வர் நெற்றியிலும் சந்தனப் பொட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் மனைவி கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்து வருவார். முக்காலி மேல் ஏறி, கண்ணாடிகளைத் துடைத்து, முருகனில் தொடங்கி மீசைக்காரரில் முடிப்பார். புருஷன் மாட்டி வைத்த படம், மாமனார் இருந்த படையின் பெரிய அதிகாரியாக இருக்கும் என்று அந்த அண்ணி தானாகவே நினைத்துக்கொண்டார். போதாததற்கு அந்த ஆளின் கைப்பட்டையில் ஏதோ ஸ்வஸ்திக் போல வேறு இருந்தது. "பக்திமான் போலிருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். யார் திருத்துவது?

நான் திருத்தவில்லை. பர்மாவில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு கடைகளுக்கு நடுவே என் தையல் மெசின். இடப்பக்கம் சலூன். வலப்பக்கம் நானாவின் ஜவுளிக்கடை. நானா என்றால் அவர் வீட்டுப் பேச்சில் அண்ணன். நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். அவரிடம் லோஞ்சி என்கிற பர்மியக் கைலித் துணி எடுப்பவர்கள், இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிக்கொள்ள என்னிடம் வருவார்கள். மூட்டுவதற்கு ஐந்து நிமிடம், காத்திருக்கும் நேரத்தில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. தமிழ் எழுத்தைப் பொட்டலக் காகிதத்தில் கற்றேன். மற்றதையெல்லாம் அந்த நடைபாதையில்.

சலூன் அண்ணனுக்கு மீசைக்காரர் மேல் பிடிப்பு வந்ததற்கு ஒரு வழி உண்டு. அவருடைய அப்பா, போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் துணையோடு வெள்ளையரை எதிர்த்த இந்தியப் படையில் இருந்தவர். வெள்ளைக்காரனை நடுங்க வைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் நம்ம ஆள் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். பன்சொடான் சாலை நடைபாதைப் புத்தகக் கடையில் பழைய போர்ப் பத்திரிகை ஒன்றை வாங்கினார். ஆங்கிலம் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரை முடி வெட்டும்போதே படித்துச் சொல்ல வைத்து, மொத்தத்தையும் மனப்பாடமாக்கிக்கொண்டார். அதிலிருந்து வெட்டியதுதான் அந்தப் படம்.

இதில் எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. எண்பத்தெட்டுப் போராட்டத்தில் ராணுவம் சுட்டபோது இதே அண்ணன்தான், ஓடி வந்த இரண்டு மாணவர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, மொட்டை அடித்து, புத்த மடத்துச் சாமிகளைப் போல வெளியே அனுப்பி வைத்தார். ராணுவ லாரிச் சத்தம் கேட்டால் ரேடியோவைத் தணிப்பார். துப்பாக்கி வைத்திருப்பவனின் ஆட்சி எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் கரெண்டு போகும்போதெல்லாம் சுவரைக் காட்டி, "இந்த ஆளு இருந்தா போவுமா?" என்பார். பக்கத்து வீட்டுக் கொடுமை கொடுமையாகவும், கடல் தாண்டிய கொடுமை வீரமாகவும் தெரிகிற கண் நம் எல்லோரிடமும் இருக்கிறது போலும். அண்ணன் கெட்டவர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானா வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் அண்ணனிடம் முகம் திருத்திக்கொள்வார். தாடையையும் கழுத்தையும் மழித்து, மீசையை ஒதுக்க வேண்டும். இருவருக்கும் அது சண்டை போடும் நேரம். நான் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

"உன் சம்பந்தி எப்படி இருக்காரு தம்பி?" என்பார் நானா, மீசைக்காரர் படத்தைப் பார்த்து, நுரைக்குள்ளிருந்து.

"நாடுன்னா ஒரு கைதான் நானா இருக்கணும். ஒரு தலைய ரெண்டு பேரு வெட்டுனா காது போயிடும்."

"வாஸ்தவம். ஆனா உன்கிட்ட வெட்டிக்கிறவன், பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடலாம். உன் ஆளு விடுவானா? அதுவும் மீசையக் கூட முழுசா வளக்கத் தெரியாதவன். நாட்ட எப்படிப்பா வளப்பான்?"

அண்ணன், "பேசாதீங்க, வெட்டிடும்" என்பார். அதோடு அந்த வாரச் சண்டை முடியும். கரெண்டு போனால் நானா கடைப் பின்புறத்தில் ஜெனரேட்டர் ஓடும். அதிலிருந்து ஒரு கம்பி சலூனுக்கும், இன்னொரு கம்பி எதிரே டோடோவின் டீக்கடைக்கும் போகும். டோடோ என்றால் பர்மிய மொழியில் அத்தை. அந்த அம்மாளைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு ஆண்டு இருக்கும். வெளியூர்களில் பள்ளிவாசல் பக்கம் கலவரம் என்று பேச்சு வந்தது. பத்திரிகையில் ஒன்றும் வராது; எங்களுக்கு எல்லாம் டீக்கடையில்தான் வரும். பெயர் போடாத துண்டறிக்கைகள் கைமாறின. இன்ன சாதிக்காரன் கடையில் வாங்காதே, அவன் பெருகி நம்மை விழுங்கிவிடுவான் என்று அதில் இருந்தது. அதே சமயத்தில் இளவட்டங்களிடம் கறுப்புச் சட்டை ஒன்று பரவியது. மீசைக்காரர் கைப்பட்டையில் இருந்த அதே கொக்கிக் குறியை நெஞ்சில் அச்சடித்திருப்பார்கள். அர்த்தம் கேட்டால், "ஸ்டைல் அக்கா" என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இருவர் பர்மியப் பிள்ளைகள். மூன்றாவது நம் கோயில் தெருத் தம்பி. லைங் தாயாவில் தையல் ஆலையில் வேலை, ஆலை பஸ்ஸில் போய் வருபவன். கறுப்புச் சட்டை போட்டிருந்தான். அவர்கள் கையில் வட்ட ஸ்டிக்கர்கள் இருந்தன: சிவப்பு விளிம்பு, நடுவில் வாள், கீழே 'நம் இனத்தார் கடை' என்று பர்மிய எழுத்து.

"அண்ணே, இது இருந்தா உங்க கடையத் தொட மாட்டாங்க. நம்ம நிறத்தப் பார்த்தா நம்மளையும் பாய்னுதான் நெனைப்பாங்க, தெரியும்ல?" என்றான் தம்பி.

அண்ணன் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே நின்றார். "பக்கத்துக் கடை?"

தம்பி சிரித்தான். சுவரைக் காட்டினான். "நீங்களே இவர மாட்டி வச்சிருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

முகத்துக்கு நேரே மறுத்தால் அவர்கள் மனம் கோணுமே என்ற தயக்கத்துக்கு இந்த ஊரில் 'ஆநா' என்று பெயர். நாங்கள் தமிழர்களும் அதை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தோம். அண்ணன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். எதிரே டோடோ கடையிலும் ஒட்டினார்கள். நானா கடையைக் கடந்து போனார்கள். போகும்போது தம்பி என் பக்கம் குனிந்து, "அக்கா, மெசின இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்குங்க" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை; அக்கறையாகச் சொன்னான். மெசினை நான் நகர்த்தவில்லை.

நானா அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் துணிகளில் பாதியை அட்டைப் பெட்டியில் கட்டினார். "கொஞ்ச நாளைக்கு மச்சான் வீட்டுல வைக்கலாம்னு" என்றார், நான் கேட்காமலே. அதற்கடுத்த நாள் சலூனுக்கும் கடைக்கும் நடுவே நடந்தபோது, எப்போதும் உள்ளே எட்டிப் பார்த்துப் போடும் ஒரு கிண்டலைப் போடவில்லை. இரண்டு கடைக்காரர்களும் என்னிடம் நிறையப் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் நாற்காலியைத் துடைத்துத் துண்டை உதறிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வேறு ஆள் வந்தபோது, "கொஞ்சம் இருங்க, நானா வருவாரு" என்றார். நானா வரவில்லை. பள்ளிவாசலுக்குப் போகும் நேரமும் வந்தது. முள் முளைத்த தாடையோடு, தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சலூன் பக்கம் திரும்பாமல் தெருவில் இறங்கி நடந்தார். அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, அன்று தாமதமாக, அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"என்னாங்க இது?"

"பசங்க ஒட்டுனாங்க."

"பாய் கடையில ஒண்ணும் காணோமே?"

அண்ணன் காலி நாற்காலியை மறுபடியும் துடைத்தார். அண்ணி முக்காலியில் ஏறி முருகனுக்கும் லட்சுமிக்கும் புத்தருக்கும் பொட்டு வைத்தார். விரலைச் சந்தனத்தில் தோய்த்தபடி நான்காவது படத்தின் முன் நின்றார். பேச்சை மாற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "ஆமா, இவரு உங்க அப்பா படையில என்ன வேலையா இருந்தாரு?"

"எங்க அப்பா படையா? இவரு ஜெர்மனி."

"ஜெர்மனியா? அங்க என்ன பண்ணாரு?"

இது அண்ணன் வாடிக்கையாளர்களிடம் நூறு தடவை சொன்ன கதை. வாய் தானாகத் தொடங்கியது. "அங்க யூதருங்கன்னு ஒரு சனம் இருந்துச்சு. அவங்களாலதான் நாடு கெட்டுச்சுன்னு இவரு சொன்னாரு. மொதல்ல அவங்க கடையில யாரும் வாங்கக் கூடாதுன்னாரு. ஆளுங்க போயி கடைக் கண்ணாடியில குறி…"

அங்கே நின்றுவிட்டார். அப்போதுதான் கரெண்டு போனது. சலூன் இருண்டது. முன்கண்ணாடி மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் அந்த வட்டம், உள்ளேயிருந்து பார்க்கக் கறுப்பாக. பக்கத்துக் கடைப் பின்புறத்தில் வேலையாள் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சலூன் பல்பு எரிந்தது. நானா கம்பியைப் பிடுங்கச் சொல்லவில்லை.

அண்ணன் அந்த பல்பையே பார்த்தார். "அப்புறம் அந்தச் சனத்த என்ன பண்ணாரு?" என்று அண்ணி கேட்டார்.

"கொன்னுட்டாரு" என்றார் அண்ணன். கதையின் அந்தப் பகுதியை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

அண்ணி முக்காலியிலிருந்து இறங்கவில்லை. "யாருன்னு சொல்லாம இத்தன வெள்ளிக்கிழமை என்ன பொட்டு வைக்க வச்சிருக்கீங்களே!" என்று சொல்லி, புடவைத் தலைப்பை நனைத்துப் பழைய பொட்டின் கறை போகும்வரை தேய்த்தார். பொட்டு வைத்த படத்தைக் குப்பையில் போடக்கூடாது, ஆற்றில் விட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். "பொட்ட எடுத்தாச்சு. இனி இவருக்கு ஆறெல்லாம் வேணாம். கழட்டுங்க" என்றார்.

அண்ணன் கழற்றினார். அதோடு நிற்கவில்லை. சோப்புக் கிண்ணத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தாடைக்குப் பூசுவது போலவே அந்த ஸ்டிக்கர் மேல் நுரையைச் சுழற்றிச் சுழற்றிப் பூசினார். ஊற விட்டார். கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்து, கண்ணாடியில் சாய்வாக வைத்து, மேலிருந்து கீழே மழிக்கத் தொடங்கினார். பட்டப்பகல். தெரு நின்று பார்த்தது. எதிரே டோடோ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். கடைசித் துணுக்கும் போனதும், "மிச்ச நுரை இருக்கா? என் கண்ணாடிக்கும் நாலு நாளா தாடி" என்றார்.

சாயங்காலம் ஆலை பஸ் வந்து நின்றது. தம்பி இறங்கி, இரண்டு கண்ணாடிகளையும் பார்த்து, சலூன் வாசலுக்கு வந்தான். நான் மெசினை நிறுத்தினேன்.

"அண்ணே, ஸ்டிக்கர் எங்க?"

"நல்லா வளந்துடுச்சுப்பா. செரைச்சிட்டேன்."

"விளையாடாதீங்க அண்ணே. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது."

"உன்னத்தான் கேப்பேன்" என்றார் அண்ணன். "வேற யாரக் கேக்குறது? உனக்கு மொத மொட்ட அடிச்சவன் நான்."

தம்பி நின்றான். டோடோ எதிரிலிருந்து பர்மிய மொழியில் குரல் கொடுத்தார்: "டீ வேணும்னா வந்து உக்காரு, திட்டு வேணும்னாலும் வந்து உக்காரு. நடுத்தெருவுல நிக்காதே." அவன் போய் உட்கார்ந்தான். டோடோ அவனிடம் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு டீ குடித்தான். மறுவாரம் அதே பஸ்ஸில் வெள்ளைச் சட்டையோடு வந்தான். மனம் மாறினானா, சட்டை அழுக்கானதா, நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. வேறு சில தெருக்களில் கண்ணாடி உடைந்தது என்று கேள்விப்பட்டோம். எங்களை அந்த நுரைதான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். இதை எழுதும் இன்றைக்கும் பஸ்ஸில் அந்தக் கொக்கிக் குறிச் சட்டையைப் பார்க்கிறேன். இன்னொரு துண்டறிக்கை, இன்னொரு வட்டம் வராது என்றும் உறுதியில்லை. ஆனாலும் என் மெசின் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதனால், தான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த கதையை நடுவில் நிறுத்த முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி வருவதற்கு முன், தொழுகை முடிந்து நானா திரும்பினார். சலூன் கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்தார். சுவரை எட்டிப் பார்த்தார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஜும்மாவுக்கு முள்ளம்பன்றியாட்டம் போனேன். எல்லாம் உன்னால."

அண்ணன் துண்டைக் கட்டினார். நுரை பூசினார். நானா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி, கழுத்தை முழுதாக நீட்டிக் கொடுத்தார். அண்ணன் கத்தியைத் தொண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், அப்படியே நின்றார்.

நானா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கை ஏன் தம்பி நடுங்குது? நியாயமா நான்தானே நடுங்கணும்?"

சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.