பதினைந்து குடம் தண்ணீரும் ஒரு புதைந்த தோட்டமும்

காலை ஐந்து மணிக்குச் செஞ்சியில் பஸ் ஏறினேன். கிளாம்பாக்கத்தில் மாறி, அடையாறு சிக்னலில் ஆட்டோ பிடித்தபோது ஒன்பதரை. எண்பது கேட்ட ஓட்டுநர் அறுபதுக்கு இறங்கி வந்தார். நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி மண்ணைப் பார்க்க வந்தவள் என்று தெரிந்திருந்தால் ஏற்றியே இருக்க மாட்டார்.

என் அக்கா மகள் செல்விக்கு, தோண்டாமலே நிலத்துக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலை. அன்று அவளுக்கு வேலை ஆற்றோரம் ஒரு பழைய தோட்ட பங்களாவில்; வேடிக்கை பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். வீடு நிற்கிறது, தோட்டத்தைத்தான் காணவில்லை. வீட்டுக்காரர் பிலோமினா டீச்சர், ஓய்வு பெற்றவர். அவர் தம்பி அல்போன்ஸ், கார் நிறுத்த முன்பக்கம் முழுக்கக் கான்கிரீட் போடப் போகிறார். மறுநாள் காலை கலவை லாரி வருகிறது.

"அடியில ஏதாவது இருக்குன்னு காட்டு அக்கா, நான் பின்பக்கம் போட்டுக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். டீச்சர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு செல்வி, இரண்டு கம்பிகள் பொருத்திய சட்டத்தை அரை மீட்டருக்கு ஒருதரம் மண்ணில் குத்த ஆரம்பித்தாள். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும், செங்கல் இருந்தால் முரண்டு பிடிக்குமாம். குழம்பில் உப்பு சரியா என்று பார்ப்பவள் போல நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு லேப்டாப்பில் வாசற்படிக்கு முன்னால் ஈரம் தங்கிய அழகான அரைவட்டம் தெரிந்தது.

"பழைய பூப்பாத்தி, சித்தி!" என்று குதித்தாள் செல்வி.

வீட்டு வேலைக்குப் பெரும்பாக்கத்திலிருந்து வரும் கஸ்தூரி திரையைப் பார்த்தார். "இன்னா கண்ணு, இது நான் காலைல தண்ணி தெளிச்ச எடமாச்சே. விருந்தாளிங்க வர்றாங்கோன்னு பதினஞ்சு கொடம் ஊத்துனேன்."

மேல்மண் காய்ந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். கஸ்தூரிக்கு அழுகையே வந்துவிட்டது.

முற்றம் முழுவதும் ஒரே சீராக நனைத்துவிட்டு மறுபடி அளப்பது என்று செல்வி முடிவெடுத்தாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸ் பிடித்தேன். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வெளியே வந்தால், ஈர மண்ணின் நடுவே இரண்டடி அகலத்தில் வெளுத்த பட்டை ஒன்று வளைந்து ஆற்றுப் பக்கம் போகிறது.

"இந்தக் கோடு எப்பவும் மொதல்ல காஞ்சிடும்" என்றார் கஸ்தூரி. "தெனம் பாத்துக்கினுதான் கீறேன். யாரு என்னைக் கேட்டா?"

செல்வி சட்டத்தோடு ஓடினாள். பட்டையின் மேல் வைத்த இடமெல்லாம் கருவியில் எண் எகிறியது. ஓரிடத்தில் கடப்பாரையால் மெதுவாகக் கிளறினோம். முழங்கை ஆழத்தில் வரிசையாகச் செங்கல்! பழைய தோட்டத்து நடைபாதை.

ஐந்து மணிக்கு வந்த அல்போன்ஸ் குனிந்து செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "லாரி நாளைக்கு வேணாம். இடம் மாத்தணும்" என்றார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பட்டையின் மேல் கடைசிவரை நடந்து போனார். கூடவே கஸ்தூரியையும் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

மறுநாள் காலை செஞ்சியில் வாசல் தெளித்தேன். எதிரே கோட்டை மலை. முப்பது வருஷமாகத் தெளிக்கிற வாசல்தான். அன்றைக்குத்தான், எந்த இடம் முதலில் காய்கிறது என்று நின்று பார்த்தேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.