என் முட்டிக்கு இருந்த மவுசு

போன வாரம் மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய தெருவில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது. பூக்கார அம்மாதான் கத்தினார். "சார், செருப்பு இங்கயே கீது, நீ பாட்டுக்குப் போய்க்கினே கீறியே!" ஏதோ யோசனை என்று சிரித்து மழுப்பிவிட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டேன். சர்க்கரை இருந்தால் பாதத்தைக் கவனியுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதிப் பிழைக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். வீட்டுக்கு வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

மந்தைவெளியில் ஒரு டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டிலில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே ஒரு தட்டு தட்டினார். கால் சும்மா தொங்கியது. இன்னொரு தட்டு. அப்போதும் அப்படியே. சுத்தியலின் பழைய ரப்பர் வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

அந்த வாசனைதான் என்னை முதல் வருஷ லேபுக்குக் கொண்டுபோய்விட்டது. கிண்டிப் பக்கம் கல்லூரி. நரம்பு மண்டலம் நடத்த வந்த மேடம் முதல் நாளே சொன்னார்: "முட்டியில தட்டினா கால் உதைக்குது பாருங்க, அது மூளையைக் கேட்டு நடக்கற காரியம் இல்ல. தண்டுவடத்தோடயே முடிஞ்சுடும்." எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. முதல் வருஷப் பாடங்கள் எதையுமே நானும் மூளைவரை போகவிட்டதில்லை.

ஆனால் பாருங்கள், என் முட்டிக்கு அப்போது இருந்த மவுசு எனக்கே அதற்கப்புறம் வாய்த்ததில்லை. லேசாகத் தட்டினால் போதும், கழுதை தோற்கும். பிராக்டிகலுக்கு ஒருவர் கால் இன்னொருவருக்கு வேண்டும் என்பதால் வகுப்பே கேன்டீன் போண்டாவோடு என் பின்னால் சுற்றியது. கடைசியில் அந்தக் காலை டில்லிபாபுவுக்குத்தான் கொடுத்தேன்.

டில்லி அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்தவன். அவன் அப்பா பெயின்டர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார். அவரை உட்காரவைக்கத்தான் அவன் இந்தப் படிப்புக்கே வந்தான். பிராக்டிகலில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தான். இதுவும் போனால் உதவித்தொகை நின்றுவிடும். அப்புறம் படிப்பு ஏது?

பரீட்சை அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் டில்லிக்கு வரவில்லை, எனக்கு வந்தது. கால் விறைத்துக்கொண்டது. தட்டினான். ஒன்றுமில்லை. "வெரல கோத்து இழு மச்சி" என்றான். கவனம் விரலுக்குப் போனால் கால் தளரும் என்பது புத்தகத்தில் உள்ள வழி. இழுத்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அவன் நெற்றி வேர்த்துவிட்டது. திடீரென்று கேட்டான்:

"டேய், இன்னிக்கி உங்க ஆத்துல இன்னா கொழம்பு?"

"வத்தக்..." என்று வாயெடுத்தேன். அதற்குள் தட்டிவிட்டான். என் கால் எகிறி, எக்ஸாமினரின் காபி அவர் சட்டையிலேயே கொட்டியது.

"என்னப்பா, இது எந்த புக்குல இருக்கு?"

"புக்குல இல்ல சார். வெரல கோத்தா வெரலப் பாத்துக்கினு பயப்படறான். சோத்தப் பத்திக் கேட்டா எல்லாத்தையும் மறந்துடுவான்."

அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். டில்லி பாஸ்.

அடுத்த வருஷம் ஆற்றங்கரையைக் காலி செய்தார்கள். தரமணியெல்லாம் தாண்டி எங்கோ ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். டில்லி பஸ் மாறி மாறி முதலில் தாமதமாக வந்தான். அப்புறம் விட்டுவிட்டு வந்தான். "அப்பாவ மேல ஏத்திட்டாங்க மச்சி. அம்மா ஒண்டியா அவரப் பெரட்டிக்கூடப் படுக்கவைக்க முடியாது. நான் இவ்ளோ தூரம் வந்து குந்திக்கினு இன்னா படிக்கிறது?" என்றான். பிறகு வரவேயில்லை. ஏதோ ஆபீஸ் பஸ் ஓட்டுவதாக யாரோ சொன்னார்கள். நான் பாஸ் செய்து, இத்தனை வருஷமாக தி. நகரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் வீடு வீடாகப் போய் அடுத்தவர் கால்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேன். சலித்துவிட்டது. ஆற்றங்கரையில் அந்த இடத்தில் இப்போது வேலியும் நடைபாதையும் இருக்கின்றன. காலையில் சர்க்கரைக்காரர்கள் நடக்கிறார்கள்.

"சர்க்கரையில நீளமான நரம்புதான் சார் முதல்ல போகும். தூரத்துல இருக்கறதுதானே முதல்ல விட்டுப்போகுது" என்றார் டாக்டர். இதையே நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. டில்லியின் நினைவு வந்தது.

"விரலைக் கோத்து இழுங்க சார், பார்க்கலாம்."

இழுத்தேன். கால் தொங்கியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை தட்டும்மா" என்று கேட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். வெந்தயக் குழம்பு என்று பதில்கூட உடனே வந்தது. கால் வரவில்லை.