ஹபீல் முதலாளி பேரம் பேசிய கணக்கு வகுப்பு

கண்டி கொழும்புத் தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த ஹபீல் முதலாளி, சொன்ன விலைக்கு ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. பெண் பேசப் போன வீட்டிலேயே எழும்பி நடந்தவர். மாமனார் சந்தி வரை ஓடிவந்து கூப்பிட்டதைப் பெருமையாகச் சொல்வார். அவர் கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தவன் நான். எதை வாங்கப் போனாலும் என்னையும் கூட்டிப் போவார். பேரம் முற்றும் நேரத்தில் அவர் என்னைப் பார்ப்பார். "மொதலாளி, இது சரிப்படாது, வாங்க போவோம்" என்று கையைப் பிடித்து இழுப்பதுதான் என் வேலை. பத்தடி நடப்பதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாத கடைக்காரனை நாங்கள் கண்டதே இல்லை.

1932ஆம் ஆண்டு அவர் மகள் கைரியாவின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மேல் வகுப்பில் கணக்கு இரண்டு விதம். சின்ன வகுப்பில் வெறும் எண்கணிதம். பெரிய வகுப்பில் எழுத்தை வைத்துப் போடும் அட்சரகணிதம், கோடும் வட்டமும் கீறிப் போடும் கேத்திரகணிதம் எல்லாம் உண்டு. ரீச்சர் வேலைக்குப் படிக்க அதுதான் வேண்டும். எது என்று தகப்பன் வந்து சொல்ல வேண்டும். கைரியாவுக்கு ரீச்சராக ஆசை. முதலாளிக்கு அவளைவிட இரண்டு மடங்கு ஆசை. "பெரிய வகுப்புத்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். பழக்கதோஷம், என்னையும் கூட்டிக்கொண்டார்.

கணக்கு ரீச்சர் மிஸ் தங்கரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். கைரியா மேசையருகே நின்றாள்.

"கைரியா கெட்டிக்காரி. பெரிய வகுப்புத்தான் அவவுக்குச் சரி."

முதலாளியின் முகம் மலர்ந்தது. வாய் மட்டும் பழைய வழியிலேயே போனது. "அவ்வளவு எதுக்கு ரீச்சர்? சின்னதே போதும்."

கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம் என்று எண்ணம்.

"ஓம். அப்ப சின்ன வகுப்பிலை போடுறன்." ரீச்சர் பேனாவை எடுத்தார்.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. என்னைப் பார்த்தார். பார்த்தால் இழுக்க வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கம். இழுத்துத் தொலைத்தேன்.

"மொதலாளி, இது சரிப்படாது, வாங்க போவோம்."

விறாந்தையில் பத்தடி நடந்தோம். கூப்பிடவில்லை. படி இறங்கினோம். கூப்பிடவில்லை. வாசல் கேற் வரைக்கும் இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி மெல்ல மெல்ல நடந்தோம்.

"இராமையா, அந்த மனிசி கூப்பிடல்லியே! ஏன் இழுத்த?"

"நீங்கதானே பாத்தீங்க!"

"எம் புள்ளட படிப்பக் கெடுத்துப்போட்டனே." அவர் அழுதேவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. அப்போதுதான் கவனித்தோம், கைரியா எங்களோடு வரவில்லை.

திரும்ப ஓடினோம். ரீச்சர் எழுத முடியாதபடி மைக்கூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"வாப்பாக்கு வேணாமெண்டா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவார், ரீச்சர். எழும்பிப் போனா கட்டாயம் வேணுமெண்டு அர்த்தம்."

ரீச்சர் வாசலில் மூச்சு வாங்கி நின்ற எங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய வகுப்பு என்று எழுதினார்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிம்மதி வந்ததும் பழைய புத்தியும் வந்தது. "அப்ப ரீச்சர், அந்தச் சின்ன வகுப்பையும் கொசுறாப் போட்டு..."

முடிப்பதற்குள் கைரியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க வாப்பா, போவம்."

பதினைந்து வருஷமாக நான் பார்த்த வேலை அன்றோடு போனது.