வாளிக்குள் நுழையாத அரசாணிக்காய்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது டீச்சர் ஒருநாள் மேசைமேல் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, எது மூழ்கும், எது மிதக்கும் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஆணி மூழ்கியது. தீப்பெட்டி மிதந்தது. கனமானதெல்லாம் மூழ்கும் என்று வகுப்பே முடிவுகட்டிவிட்டது. உடனே டீச்சர், "அப்போ அரசாணிக்காய்?" என்றார். கொல்லங்கோட்டுப் பக்கம் மஞ்சள் பூசணிக்கு அதுதான் பெயர்.

"முழுகிப் போயிருமுங்க!" என்று முதலில் கத்தியவன் என் மாமன் மகன். அவன் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவது அப்போது என் வழக்கம். "மெதக்குமுங்க டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "நாளைக்கே கொண்டாந்து காட்டறேனுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் யாரும் நம்பவில்லை. தோட்டத்தில் நான் கைகாட்டிய பெரிய காயைத் தூக்கிப் பார்த்த சித்தப்பா, "அம்மிணி, இது கல்லாட்டம் முழுகும். சின்னதா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார். சின்னது வேண்டவே வேண்டாம் என்றேன். மறுநாள் காயையும் என்னையும் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கியவர், அது மூழ்குவதைப் பார்க்காமல் போக மனமில்லாமல் பள்ளியிலேயே நின்றுகொண்டார்.

காய் வாளிக்குள் நுழையவில்லை. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு ஊர்வலமாகப் போனோம். டீச்சர் செல்போனில் படம்பிடிக்க, சித்தப்பா காயைத் தூக்கிப் போட்டார். தொபுக்கென்று விழுந்தது, அடியில் போய் மறைந்தது. மாமன் மகன் கைதட்டத் தொடங்கினான். நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அடுத்த நொடி தண்ணீரைப் பிளந்துகொண்டு காய் மேலே வந்தது. பெரிய முதுகைக் காட்டியபடி ஆடி ஆடி மிதந்தது. மாமன் மகனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கைகளாலும் அமுக்கினான். கையை எடுத்ததும் அது துள்ளி எழுந்து அவன் சட்டையை நனைத்தது. வகுப்பே என் பெயரைச் சொல்லிக் கூவியது. தொட்டியைச் சுற்றி ஓடினேன். சித்தப்பாவோ, "நான் அப்பவே சொன்னனுங்க" என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியக் குழம்புக்காகச் சமையல்கார அக்கா காயை இரண்டாகப் பிளந்தார். டீச்சர் ஒரு பாதியை உயர்த்தி, விதைகளுக்கு நடுவே குகைபோல் வெறுமையாக இருந்த இடத்தை எல்லோருக்கும் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு. இத்தனை கனமான காய் ஏன் மெதந்தது?" என்றார்.

எழுந்து நின்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அது எங்க தோட்டத்துக் காயிங்க டீச்சர்."