ஏழாம் கூண்டின் நீல வெளிச்சம்

என் கணவரின் கடைசித் தங்கையைக் குடும்பத்தில் எல்லாரும் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். சட்டென்று வெடிப்பாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவித் தீனி வைக்கும் வேலை அவளுக்கு. அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கும். கதவு நிலையைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"மறுபடியும் நின்னுட்டீங்களா?" என்பாள்.

"பச்சை விழலையே, நான் என்ன பண்ண?" என்று அவர் சிரிப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வராது. காரணம் ஏழாம் கூண்டு எலி. அதற்கும் அதே மாதிரி நோயை உண்டாக்கியிருந்தார்கள். மண்டைக்குள் தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. அதன் வழியே நீல வெளிச்சம் போனதும், மரக்கட்டையாய்க் கிடந்தது குடுகுடுவென்று ஓடும்.

"கட்டை விரல் அளவு பிராணி, அண்ணி! அதுக்கு ஒரு டாக்டரம்மா, ரெண்டு கேமரா. என் மனுஷனுக்கு வெறும் மாத்திரைச் சீட்டு!" என்று என்னிடம் வயிறெரிந்தாள்.

எரிச்சல் கைக்கு இறங்கியது. ஏழாம் கூண்டுக்கு மட்டும் பாதித் தீனி வைத்தாள். பத்தே நாளில் எலி இளைத்தது. வெளிச்சம் விட்டாலும் தள்ளாடியது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பான நரம்பைப் பிடிச்சுட்டோம் போல. இதை விட்டுட வேண்டியதுதான்."

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதைம்மா?"

"இந்தத் தேடலைத்தான். மூளைக்குள்ள கம்பி வெச்சு கரண்ட் குடுக்கிற வைத்தியம் இருக்கில்ல, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கறதில்ல. எந்த நரம்பைத் தொட்டா கால் நடக்கும்னு கண்டுபிடிக்கத்தான் இந்த வெளிச்சம். வெளிச்சம் பட்டா முழிச்சுக்கிற மாதிரி சில நரம்பை மட்டும் மாத்தியிருக்கோம்."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தத் தேடலே போகும். கடுகு பிரஷைக் கீழே வைத்தாள்.

"நரம்பு மேல தப்பில்லம்மா. நான்தான் அது வயித்துல அடிச்சேன்."

"ஏன்?"

"அது நடந்துச்சு. அவர் நடக்கல."

டாக்டரம்மா கூண்டுப் பக்கம் திரும்பினார். நீல விளக்கைப் போட்டார், அணைத்தார். வெளிச்சம் போனதும், தள்ளாடி நடந்த எலி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. வாசலில் அவள் வீட்டுக்காரர் நிற்பது போலவே.

வேலை போகவில்லை, தீனி டப்பா மட்டும் வேறு கைக்குப் போனது. பத்து நாள் சோதனையை முதலிலிருந்து செய்தார்கள்.

"இப்ப பொறாமை போச்சா?" என்று போன வாரம் கேட்டேன்.

"எப்படி அண்ணி போகும்? இன்னிக்கு நாலு சுத்து ஓடுச்சு, சனியன்!" என்றாள், வாசலில் நின்றுவிட்ட வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே.