டில்லரின் பெல்ட் மூடி

மேல்மலைக் குளிரில், முப்பரிமாண அச்சுக்கான ரெசின் என்னும் பிசின் திரவம் தேன்போலக் கெட்டிப்பட்டுவிடும். அச்சிடத் தொடங்குமுன் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பேன். பிறகு கையுறை அணிந்து தொட்டியில் ஊற்றுவேன். அடியிலிருந்து எழும் ஒளி அத்திரவத்தை மெல்லிய படலங்களாக இறுக்கிச் செல்லும். சில மணி நேரத்தில் ஒரு சக்கரமோ கைப்பிடியோ தகட்டில் தலைகீழாகத் தொங்கும். அதை ஸ்பிரிட்டில் கழுவி, தாங்கி நின்ற குச்சிகளை வெட்டி நீக்கி, வெயிலில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் வெயிலை நம்ப இயலாது. ஆகையால் ஊதா விளக்குப் பெட்டி ஒன்றை நானே செய்துகொண்டேன்.

முழங்கால்கள் தேய்ந்து வயலில் இறங்க முடியாமற்போன பின் கற்ற தொழில் இது. கொடைக்கானலில் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஓர் ஆசிரியர் தமது பழைய பிரிண்டரை விற்றார், நான் வாங்கினேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்குக் கணினியில் வரையப் பழக ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. முதலில் வரைந்தது எங்கள் பவர் டில்லரை, பின்னால் நடந்தபடி ஓட்டும் உழவு இயந்திரத்தை. பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை; நாற்பத்தொரு உறுப்புகள்; வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டும். ஏரிப் பக்கம் ஒரு கடைக்காரர் அதைப் பெட்டியில் அடைத்து விற்க ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெட்டியைக் கடைக்கு அனுப்புமுன் என் அண்ணன் அதைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்ல வேண்டும் என விரும்பினேன். இப்படி விரும்ப எனக்கு உரிமை இல்லை. காரணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பூண்டு வயல்கள் அடுக்கடுக்காக, குறுகலாக இறங்குபவை. டில்லரின் பக்கவாட்டில் பெல்ட்டை மூடியிருக்கும் தகரம் ஒவ்வொரு திருப்பத்திலும் அடுக்கைத் தாங்கும் கல்கட்டில் இடிக்கும். அதனால் இப்பக்கத்தில் டில்லர் வாங்கியவர் எவராயினும் முதல் வாரமே நான்கு போல்ட்டுகளைக் கழற்றி அந்த மூடியைக் கொட்டகையில் எறிந்துவிடுவார். எங்கள் வண்டியில் அதைக் கழற்றியவன் நான்.

“இடிச்சா இடிக்கட்டும்லே, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றார் அண்ணன்.

“ஊர்ல யாருண்ணே அத மாட்டிக்கிட்டு ஓட்டுறா?” என்றேன்.

மறு வருடம் விதைப் பூண்டு ஊன்ற மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மூடுபனியில் நனைந்த பெல்ட்டின் மீது ஒட்டிய சருகைத் தட்டிவிட அண்ணன் குனிந்தார். வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

அரசு மானியத்தில் வந்த அந்த வண்டி என் பெயரில் இருந்தது. விபத்து நேர்ந்த விதத்தை எழுதித் தரும்படி வேளாண்மை அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்து நயம் உள்ளவன் நான் என்று பெயர். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்னும் அச்சத்தில், பாதுகாப்பு மூடியைத் தமையனார் தாமே அகற்றியிருந்தார் என்று எழுதினேன். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, ஒரு வரி விடாமல் படித்தும் காட்டினேன். அண்ணன் சன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுப் போடாத இடக்கையின் பெருவிரலை நீட்டினார். நான் மையைத் தடவினேன்.

அதன் பிறகு சண்டை ஏதும் இல்லை. விதை, தண்ணீர், மழை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். ஆனால் என் வீட்டுக்குள் அவர் வந்து உட்கார்ந்ததில்லை.

முதல் பெட்டி தயாரான அன்று நான் அழைத்ததும் வந்துவிட்டார். மதினியும் உடன் வந்தார். சன்னலோர மேசையில் உறுப்புகளைப் பரப்பி வைத்திருந்தேன். அண்ணன் இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து, வலக்கையின் மூன்று விரல்களால் பிடித்துப் பூட்டினார். படம் போட்ட தாளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. உழும் கத்திகளின் வளைவை நகத்தால் தடவினார்.

“கத்தி நல்லா வந்துருக்குலே.”

“நாலு தடவ வளஞ்சு போச்சுண்ணே. அஞ்சாவதுலதான் நின்னுச்சு.”

“இம்புட்டு நாத்தத்துல எப்படித்தான் சோறு எறங்குதோ கொழுந்தனாருக்கு” என்று மதினி ரெசின் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “பூண்டு நாத்தம் பத்தாதுன்னு இது வேற.”

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். அந்தச் சொல்லை இன்று கேட்டுவிடுவேன் என்று நம்பினேன்.

குட்டி வண்டி பூட்டி முடிந்து நின்றது. மேசையில் ஓர் உறுப்பு எஞ்சியிருந்தது.

“அண்ணே, இது ஒண்ணு மிச்சம் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“பெல்ட்டு மேல வர்ற கவருண்ணே.”

“தெரியும்லே. நம்ம வண்டியில அது ஏது?”

எல்லாவற்றையும் கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி வரைந்தேன் என்று சொன்னேன். அது பொய். மற்ற நாற்பதையும் கொட்டகையில் நின்ற எங்கள் வண்டியை அளந்தே வரைந்தேன்; மூடியை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்தேன். மூடியில்லாத பெல்ட்டைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்க என்னால் முடியவில்லை.

அண்ணன் அந்தச் சிறு மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“அன்னைக்குக் காயிதத்துல ஒண்ணு எழுதுன. இப்ப இதுல ஒண்ணு செஞ்சிருக்க. ரெண்டுமே அழகாத்தான் இருக்கு.”

மதினி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தாளில் எழுதியது பொய் என்பதை அண்ணன் அவரிடம் ஒருபோதும் சொல்லவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகளும், தம் கணவரே பிடிவாதமாக மூடியைக் கழற்றி விரல்களை இழந்தார் என்றே அவர் எண்ணியிருந்தார். நானல்லவா கழற்றினேன் என்று மனத்துக்குள் எத்தனையோ முறை எழுதிப் பார்த்த வாக்கியம் இருந்தது. அதற்குரிய தருணம் இதைவிட வாய்க்காது.

“டீ போடச் சொல்லட்டுமாண்ணே?” என்றேன்.

“வேண்டாம். வயலுக்குத் தண்ணி மாத்திவிடணும்” என்று எழுந்துகொண்டார்.

அவர்கள் போனபின் கணினியைத் திறந்து மூடியை நீக்கினேன். பெல்ட்டைத் திறந்த நிலையில் வரைந்தேன். எட்டுப் பெட்டிகள் அவ்வாறே கடைக்குச் சென்றன. மறுநாள் வெள்ளனே, வயலுக்கு இறங்கும் கற்படியில் அண்ணனை நிறுத்தி, “அதக் கழட்டிட்டேண்ணே” என்றேன். மன்னிப்புக் கேட்ட நிறைவு எனக்கு. கேட்கவேண்டிய சொற்களைக் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

“பாப்போம்” என்றார் அவர்.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, ஒரு பீஸ் மிஸ்ஸிங்னு கஸ்டமர் ரெண்டு பேர் ரிட்டர்ன் பண்ணிட்டாங்க. பெட்டி மேல இருக்குற படத்துல கவர் இருக்கு, உள்ள இல்ல.”

“இங்கே யாரும் அதை மாட்டி ஓட்டுவதில்லை. அதுதான் உண்மை.”

“உண்மை நமக்குத் தெரியும்யா. வாங்குறவங்களுக்கு எதுக்கு? ஃபுல் செட்டா குடுங்க, இல்லன்னா நான் வேற ஏதாச்சும் வச்சுக்குறேன்.”

படத்தை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது. எதிர்ப்பு வந்தபோதெல்லாம் எது எளிதோ அதன் பக்கம் சாய்ந்தவன் நான். அன்று பிற்பகலே மூடியைத் திரும்பச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன். விளக்கத்தாளில், பெல்ட் மூடியைத் தவறாது பொருத்துக என ஒரு வரியும் சேர்த்தேன். இலக்கணப் பிழையில்லாத வரி.

மாலையில் பார்சலைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறினேன். அண்ணன் எதிரே இறங்கி வந்தார். படி ஒருவர் செல்லும் அகலமே உள்ளது. இளையவன்தான் ஒதுங்குவது வழக்கம். பெட்டியின் மேலிருந்த படத்தை அவர் பார்த்தார்.

“மாட்டிட்டியாலே?”

“மாட்டிட்டேண்ணே.”

அவர் ஈரமான கல்கட்டில் முதுகை ஒட்டி ஒதுங்கி நின்று, அயலார்க்கு விடுவதுபோல் எனக்கு வழிவிட்டார். நான் கடந்து போனேன்.